‘வந்து’வை விரட்டாதீர்கள், அது எங்கே வந்தது என்று பாருங்கள்

மேடைப்பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் நாளே ஒரு புகாரோடுதான் வருவார்கள். “சார், பேசும்போது இந்த ‘வந்து’ வந்துக்கிட்டே இருக்கு, அதை மட்டும் நிறுத்திக் குடுத்துடுங்க.” சொத்தைப்பல்லைப் பிடுங்கச் சொல்கிற மாதிரி. நானும் ஆரம்ப வருடங்களில் பிடுங்கத்தான் பார்த்தேன். கையில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு, பேசுகிறவர் ‘வந்து’ என்றாலோ ‘பாத்தீங்கன்னா’ என்றாலோ மேஜையில் ஒரு தட்டு. ஒருமுறை மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர், குழுவுக்கு வங்கிக் கடன் வாங்க அலைந்த கதையை அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏழாவது தடவை தட்டியபோது நிறுத்திவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. “நான் உக்காந்துக்கறேன் சார்” என்று உட்கார்ந்தவர் அடுத்த வாரம் வரவில்லை. கதை கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கடன் கிடைத்ததா இல்லையா என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த ஸ்கேலை அப்புறம் எடுக்கவில்லை. வீட்டுச் சுவரில் ஈரம் பூத்த இடத்தைப் பார்த்தே உள்ளே குழாய் எங்கே கசிகிறது என்று கொத்தனார் சொல்லிவிடுவார் அல்லவா, ஓயாமல் வரும் சொல்லும் எனக்கு அப்படித்தான். பேச்சு எந்த இடத்தில் கசிகிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. மேலே சுண்ணாம்பு அடித்தால் ஈரம் பக்கத்தில் போய்ப் பூக்கும். ‘வந்து’வைத் தடைசெய்தால் அந்த இடத்தில் ‘ம்ம்’ வரும், அதையும் தடுத்தால் தொண்டையைச் செருமுவார், அதையும் தடுத்தால் உட்கார்ந்துவிடுவார். அதனால் நீங்கள் பிறருக்குப் பயிற்சி கொடுப்பவராக இருந்தாலும் சரி, தனக்குத் தானே பழகிக்கொள்பவராக இருந்தாலும் சரி, அந்தச் சொற்களை வைத்தே வேலையை ஆரம்பிக்கலாம். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதல் வேலை: மூன்று நிமிடம், ஒரு போன், ஒரு நோட்டு

தயாரித்த பேச்சைப் பதிவு செய்யாதீர்கள். மனப்பாடம் செய்து வந்த பேச்சில் இந்தச் சொற்கள் ஒளிந்துகொள்ளும். “உங்க தெருவுல உடனே சரிபண்ண வேண்டிய விஷயம் ஒண்ணு சொல்லுங்க” என்று கேளுங்கள், யோசிக்க அரை நிமிடம் கொடுங்கள், மூன்று நிமிடம் பேச விடுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள், ஓடுகிற விநாடிகளைப் பார்த்தால் பேச்சே மாறிவிடும்.

அப்புறம் அதைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். பேசியவரேதான் எழுத வேண்டும், கையால். போனே டைப் செய்து தருமே என்பார்கள். வேண்டாம். அது பல இடங்களில் நமக்குத் தேவையான இந்தச் சொற்களையே விழுங்கிவிடும். பேசியது பேசியபடி, ‘பாத்தீங்கன்னா’வை ‘பார்த்தீர்கள் என்றால்’ என்று திருத்தாமல், இழுத்த இடத்தில் ‘ஆஆ’ என்றே போட்டு, மௌனம் வந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து எழுத வேண்டும். மூன்று நிமிடப் பேச்சுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். அலுப்பான வேலைதான், ஆனால் பயிற்சியில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. தன் குரலைக் கேட்டு வெட்கப்படும் கட்டம், ‘நானா இப்படிப் பேசினேன்’ என்று சிரிக்கும் கட்டம் எல்லாம் வீட்டில் தனியாக இருக்கும்போதே நடந்துவிடும்.

எழுதி முடித்ததும் திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு வட்டம் போடுங்கள். எண்ணாதீர்கள், எண்ணத்தான் கை பரபரக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இடப்பக்கம் என்ன சொல் இருக்கிறது, வலப்பக்கம் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். நோய் அங்கேதான் தெரியும்.

‘வந்து’ எதற்காக வருகிறது

ஒருவர் பேசி எழுதிக்கொண்டு வந்த வாக்கியம் இது: “எங்க தெருவுல வந்து, இந்தக் குடிதண்ணி பைப்பு வந்து, போன மாசம் வந்து, அவங்க தோண்டுன பள்ளம் வந்து, அப்படியே கெடக்கு.” நாலு ‘வந்து’. நாலுமே ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால், வினைச்சொல் வருவதற்கு முன்னால். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. யார், எங்கே, எப்போது, எது என்பதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ‘கெடக்கு’ என்று முடிக்க வேண்டும். எதில் முடிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாயைத் திறந்துவிட்டால், முற்றைத் தேடுகிற நேரம் முழுக்க ‘வந்து’வின் மேல்தான் நிற்க வேண்டும், பஸ் வரும்வரை நிழற்குடையில் நிற்பது மாதிரி.

ஆகவே மருந்து ‘வந்து’வில் கிடையாது, வினைச்சொல்லில் இருக்கிறது. பேசுவதற்கு முன் குறிப்பு எழுதும்போது எல்லாரும் தலைப்புகளைத்தான் எழுதிக்கொள்வார்கள்: குடிநீர்ப் பிரச்சினை, சாலை வசதி, அதிகாரிகள். இதெல்லாம் பெயர்ச்சொற்கள். இதைப் பார்த்துப் பேசினால் ‘வந்து’ வராமல் என்ன வரும்? சின்ன அட்டையில் வினைமுற்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தோண்டினார்கள். மூடவில்லை. பாட்டி விழுந்தார். மனு கொடுத்தோம். பதில் இல்லை. அட்டையில் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அதே மனிதர் மறுபடி பேசியபோது ‘வந்து’ ரெண்டோ மூணோதான் வந்தது. பள்ளத்தில் விழுந்த பாட்டி முதல் தடவை பேச்சில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வினையைத் தேடியபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

மிச்சமிருக்கிற ரெண்டு மூன்றை விட்டுவிடலாம். “எங்கம்மா வந்து டீச்சர்” என்று வீட்டில் பேசுகிறோம், அங்கே ‘வந்து’ தடுமாற்றம் இல்லை, ‘இனி இவரைப் பற்றிச் சொல்லப்போகிறேன்’ என்று கேட்பவருக்குக் காட்டும் ஜாடை. நம் இலக்கணத்துக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. பொருளில்லாமல் நிற்கும் சொல்லுக்குத் தொல்காப்பியம் அசைநிலை என்று பெயர் வைத்து, இடையியல் என்ற பகுதியில் வரிசையாகப் பட்டியல் போடுகிறது. ‘மற்று’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை என்கிறது: ஒன்று வினைமாற்று, இன்னொன்று அசைநிலை. அதாவது ஒரு இடத்தில் பேச்சைத் திருப்புகிறது, இன்னொரு இடத்தில் சும்மா நிற்கிறது. இன்றைய ‘அப்புறம்’ அச்சு அசலாக இதே ரெண்டு வேலையைத்தான் பார்க்கிறது. அதனால் மாணவர் ‘அப்புறம்’ என்றதும் பாயாமல், இது எந்த ‘அப்புறம்’ என்று பாருங்கள்.

‘அதாவது’ வந்தால் அதற்கு முந்தைய வாக்கியத்தை அடியுங்கள்

போன பத்தியில் நானே ஒரு ‘அதாவது’ போட்டேன், பார்த்தீர்களா? முதலில் இலக்கணக்காரர் மாதிரி சொல்லிவிட்டு, அப்புறம் மனிதர் மாதிரி சொன்னேன். மேடையிலும் இதுதான் நடக்கிறது. மனப்பாடம் செய்த எழுத்துத் தமிழ் வாக்கியம் ஒன்று வரும், சொன்னவருக்கே அது சபைக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும், உடனே ‘அதாவது’ என்று சொல்லிப் பேச்சுத் தமிழில் இன்னொரு தடவை சொல்வார். “நீர்நிலை ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டியதன் அவசியத்தை உணர வேண்டும். அதாவது, ஏரிக்குள்ள வீடு கட்டினா மழையில வீட்டுக்குள்ள ஏரி வரும்.” இரண்டாவது வாக்கியம் இருக்கும்போது முதல் வாக்கியம் எதற்கு? எழுதி வந்த தாளில் எங்கெல்லாம் ‘அதாவது’ இருக்கிறதோ அங்கெல்லாம் அதற்கு முன்னால் இருப்பதை அடித்துவிட்டு, பின்னால் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் பேச்சு உடனே நன்றாகிவிடும். மிச்ச ரெண்டு இடத்தில் அது உண்மையிலேயே ஒரு கலைச்சொல்லை விளக்குகிற ‘அதாவது’வாக இருக்கும், அது இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான் என்பேன். பயிற்சிக்கு வருகிறவரின் சொந்த நடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டும் சொல் வேறு இல்லை.

‘பாத்தீங்கன்னா’வை எதற்குப் பயன்படுத்தலாம்

யூடியூப் வந்த பிறகு இது தொற்றுநோய் ஆகிவிட்டது, உண்மைதான். செல்போனைப் பற்றிப் பேசினாலும் சாம்பாரைப் பற்றிப் பேசினாலும், “இதோட கேமரா பாத்தீங்கன்னா”, “பெருங்காயம் பாத்தீங்கன்னா”. ஆனாலும் எழுதி வந்த தாளில் ஒவ்வொரு ‘பாத்தீங்கன்னா’வுக்கும் முன்னால் ஒரு புதுப் பத்தி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு புது விஷயத்துக்குத் தாவும் இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் பேசுகிறவர் அறியாமலேயே தன் பேச்சுக்குத் தலைப்புகள் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். இது பெரிய உதவி. ‘உங்க பேச்சுல அஞ்சு விஷயம் இருக்கு, மூணாவதும் அஞ்சாவதும் ஒண்ணேதான்’ என்று அவர் தாளையே காட்டிச் சொல்லிவிடலாம். தாவும் இடம் தெரிந்துவிட்டால் அங்கே ஒரு கேள்வியை வைக்கச் சொல்லுங்கள்: “சரி, இதுக்கு எவ்வளவு செலவாகும்?” அந்தக் கேள்வி வந்த இடத்தில் ‘பாத்தீங்கன்னா’வுக்கு வேலையில்லை.

வரிக்கு வரி வந்தால் அது தலைப்பு இல்லை, வெறும் பழக்கம். பழக்கத்துக்கு வைத்தியம் கீழே வருகிறது.

மேடைத் தமிழ் என்று ஒன்று

இதுவரை சொன்னதெல்லாம் தடுமாறும்போது வரும் சொற்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, தடுமாறாமல், மிடுக்காக, வரிசையில் வந்து நிற்பவை. இந்தப் பொன்னான வேளையிலே. அந்த வகையிலே. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். என்பதை இந்த நேரத்திலே தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். நேரமின்மை காரணமாக. இறுதியாக ஒன்றைச் சொல்லி. இதைச் சொன்ன பிறகு கால் மணி நேரம் பேசுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘இறுதியாக’ மூன்று தடவை வந்த பேச்சைக் கேட்டிருக்கிறேன், மூன்றாவது ‘இறுதியாக’வுக்குக் கைதட்டியது கிண்டலா பாராட்டா என்று பேசியவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

நன்னூல் ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றம் என்று சொல்வதில் ‘வெற்றெனத் தொடுத்தல்’ ஒன்று, பொருளில்லாமல் வெறும் சொல்லாக அடுக்குவது. ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னொன்று, போகப்போக வலுவிழந்து முடிவது. நூலுக்குச் சொன்னதுதான், மைக்குக்கும் பொருந்தும். ஆனால் இங்கேயும் வெறுமனே ‘வெட்டு’ என்று சொல்லாதீர்கள். பேசுகிறவர் ஏன் ‘தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்கிறார்? பெரிய மனிதர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், நேராகச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்ற பயம். இது பயத்தின் குறி. இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது: அந்த வாக்கியத்தைத் தன் சித்தப்பாவிடம் சொல்வது போல ஒருமுறை சொல்லச் சொல்வேன், பிறகு ஊர்ப் பெரியவரிடம் சொல்வது போல, பிறகு சபையிடம். “சாலை அமைத்துத் தர வேண்டும் என்பதை இந்த நேரத்திலே தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்” என்றவர், சித்தப்பாவிடம் “ரோடு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க சித்தப்பா” என்பார். சபையிடம் “ஐயா, எங்களுக்கு ரோடு வேண்டும்” என்பார். ‘ஐயா’ ஒன்றிலேயே அத்தனை மரியாதையும் வந்துவிட்டது.

‘அந்த வகையிலே’ மட்டும் வேறு ரகம். அது வரும் இடத்தில் இரண்டு விஷயங்களுக்கு நடுவே உறவே இருக்காது. ‘அதனால’வா, ‘ஆனா’வா, ‘அப்படி இருந்தும்’மா என்று கேளுங்கள். மூன்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால் பேச்சின் வரிசையையே மாற்ற வேண்டும். ‘சரிங்களா’, ‘புரியுதுங்களா’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்பது பெரும்பாலும் ஆசிரியர்களிடம் இருக்கும். கேட்டுவிட்டு ஒருமுறையாவது பதிலுக்காக நிஜமாகவே காத்திருக்கச் சொன்னால் போதும், தானாகக் குறைந்துவிடும், ஏனென்றால் காத்திருப்பது கஷ்டம். ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’, ‘ஸோ’ இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை, ‘வந்து’வுக்குப் பேன்ட் சட்டை போட்டுவிட்டது மாதிரி. அதே வைத்தியம்தான்.

எண்ணுவதா வேண்டாமா

1924-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இன்று நம் ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே கூட்டத்துக்குக் கூட்டம் ஒருவருக்கு ‘ஆ-கவுன்டர்’ என்ற பொறுப்பு கொடுப்பார்கள், யார் எத்தனை ‘ஆ’, ‘ம்’, ‘ஸோ’ போட்டார் என்று குறித்து வைத்துக் கடைசியில் வாசிப்பார். நல்ல ஏற்பாடுதான். காது பழகும். ஆனால் எண்ணுவதால் கேட்பவரின் காது பழகுகிற அளவு பேசுகிறவரின் வாய் பழகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ‘உங்களுக்கு 14’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அடுத்த வாரம் 11 ஆக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. அதனால் எண்ணினால் கூடவே இடத்தையும் குறியுங்கள்: ‘14, அதுல 9 புள்ளிவிவரம் சொல்லும்போது.’ அவ்வளவுதான், புள்ளிவிவரத்தை ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொண்டால் ஒன்பது போய்விடும்.

இன்னொன்று. இந்த ‘அ’, ‘ம்’ எல்லாம் கேட்பவருக்குச் சுத்தமாகப் பயனற்றவை என்றும் சொல்ல முடியாது. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை வைத்துக் காட்டியது இது: ‘அ’ என்று வந்தால் சின்ன இடைவெளி, ‘அம்’ என்று வந்தால் அதைவிட நீண்ட இடைவெளி, பேசுகிறவர் தான் எவ்வளவு நேரம் தாமதிக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ‘கொஞ்சம் இருங்க, நான் இன்னும் முடிக்கலை’ என்பதன் சுருக்கம். ஒன்றுகூட இல்லாமல் பேசுகிறவரைக் கேட்டால் செய்தி வாசிப்பது போல இருக்கும். பூஜ்யத்தை இலக்காக வைக்காதீர்கள்.

பழக்கமாகிவிட்டவற்றுக்கு

இடம் பார்த்தாயிற்று, வினைமுற்று அட்டை எழுதியாயிற்று, அப்படியும் வரிக்கு வரி வருகிறது என்றால் அது வாய்ப்பழக்கம். இதற்கு மௌனம்தான் வழி, ஆனால் ‘அங்கே நிறுத்துங்க’ என்று சொன்னால் யாராலும் நிறுத்த முடியாது. உடம்புக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில், ஒரு வாக்கியம் முடிந்ததும் ஒரு அடி நடந்து, கால் தரையில் பதிந்த பிறகுதான் அடுத்த வாக்கியம். அசட்டுத்தனமாகத் தெரியும், பரவாயில்லை. நடக்கும் நேரத்தில் மூச்சு உள்ளே போகும். மூச்சு உள்ளே போகும்போது ‘வந்து’ சொல்ல முடியாது, முயன்று பாருங்கள். ஐந்தாறு வகுப்புக்குப் பிறகு காலை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து பேசுகிறவர்கள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் மெல்ல அழுத்தி எடுக்கலாம். மேஜைக்கு அடியில், யாருக்கும் தெரியாது.

இரண்டு விநாடி மௌனம் பேசுகிறவருக்கு இருபது விநாடி மாதிரி இருக்கும். பதிவைப் போட்டுக் காட்டினால்தான் நம்புவார்.

நம் தேய்ந்த சொற்கள்

பயிற்சி கொடுக்கிறவர்களிடம் இருக்கும் ‘வந்து’க்கள் என்னென்ன தெரியுமா? கான்ஃபிடன்ட்டா பேசுங்க. ஐ கான்டாக்ட் முக்கியம். பாடி லாங்குவேஜ். உணர்ச்சியோட பேசுங்க. நீங்க நீங்களா இருங்க. கேட்டுக் கேட்டு மாணவர்களுக்கு அலுத்துவிட்ட சொற்கள். இவற்றையும் தூக்கிப்போட வேண்டாம், இவ்வளவு பேர் இவ்வளவு காலம் சொல்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் செய்யக்கூடிய ஒரு வேலையாக மாற்றிக் கொடுங்கள். ‘கான்ஃபிடன்ட்டா’ என்பதற்குப் பதில், ‘முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடம், நடுவுல எதுவும் மனப்பாடம் வேண்டாம்.’ ‘ஐ கான்டாக்ட்’ என்பதற்குப் பதில், ‘ஒரு முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா அதே முகத்துல முடிங்க, அப்புறம் அடுத்த முகம்.’ ‘உணர்ச்சியோட’ என்பதை எப்படி மாற்றுவது என்று எனக்குப் பல வருடம் பிடிபடவில்லை. இப்போது, ‘அந்தச் சம்பவம் நடந்தப்ப நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்க, கையில என்ன இருந்துச்சு, அதை முதல்ல சொல்லுங்க’ என்கிறேன். குரல் தானாக மாறுகிறது.

ஒன்றை மட்டும் தூக்கியே போடுங்கள். “பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மிச்சம் 93 குரலும் உடல்மொழியும்” என்று ஸ்லைடு போடாத பயிற்சியாளர் குறைவு. ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியல் ஆய்வாளர் 1967-ல் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லிக் காட்டி, முகபாவப் படங்களைக் காட்டி, சொன்னவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். விருப்பு வெறுப்பைப் பற்றிப் பேசும்போது, அதிலும் சொல்லும் தொனியும் முரண்படும்போது, எதை நம்புகிறோம் என்பதுதான் அங்கே விஷயம். எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் தெலுங்கு தெரியாதவர் தெலுங்குப் பேச்சை 93 சதவீதம் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

தேய்ந்த சொல்லே முதுகெலும்பாகும்போது

வாஷிங்டனில் 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் பேசிய ‘எனக்கொரு கனவு இருக்கிறது’ எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய இரவு நடந்ததுதான் பயிற்சியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கிங் அந்தக் கனவு வரியை ஏற்கெனவே பல ஊர்களில் பேசியிருந்தார், இரண்டு மாதம் முன்னால் டெட்ராய்ட்டில்கூட. அவருடன் இருந்த வயாட் வாக்கர், அது தேய்ந்துபோன வரி, நிறைய தடவை சொல்லியாயிற்று, இந்தத் தடவை வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். எழுதிய உரையிலும் அது இல்லை. மேடையில் பாதிக்கு மேல் படித்துக்கொண்டு போனபோது, அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் ‘அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்க மார்ட்டின்’ என்று குரல் கொடுத்தார். தாளை ஒதுக்கிவிட்டு அந்தப் பழைய வரிக்குப் போனார் கிங். உலகத்துக்கு அந்தப் பேச்சில் ஞாபகம் இருப்பது அந்தப் பகுதிதான்.

எட்டுத் தடவை வருகிறது அந்த வரி. ஏன் அலுக்கவில்லை? பெரும்பாலும் அதற்கு வலப்பக்கத்தில் இருப்பது வேறு: ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள், மிசிசிப்பி, அலபாமா, அவருடைய நான்கு குழந்தைகள். சொல் நிற்கிறது, பக்கத்தில் இருப்பது மாறிக்கொண்டே போகிறது. நம் ஊரில் கலைஞர் ‘என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே’ என்று ஆரம்பிப்பார், அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று கூட்டத்துக்குத் தெரியாது, ஆனால் அந்த வரிக்காகவே காத்திருந்து ஆரவாரம் செய்யும். அது வராத கூட்டம் கூட்டமாகவே இருந்திருக்காது.

ஆகவே தாளில் வட்டம் போட்ட சொற்களில் பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ ஒன்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். தெருவைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒருவர் ஆறு இடத்தில் ‘ராத்திரி’ என்பார். இன்னொருவர் ‘எங்கப்பா’ என்பார். பேசியவருக்கே தெரிந்திருக்காது. அதை அடிக்காதீர்கள், வெளியே எடுத்து வையுங்கள். தெருவிளக்கு இல்லாததைப் பற்றி ஒரு கல்லூரி மாணவி பேசிய தாளில் ஆறு ‘ராத்திரி’ சிதறிக் கிடந்தது. அவற்றில் மூன்றை எடுத்து மூன்று பத்திக்கும் முதல் சொல்லாக வைக்கச் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்கு டியூஷன் விட்டு வரும் தம்பி. ராத்திரி பத்து மணிக்கு மில்லிலிருந்து வரும் அம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு வழி தெரியாமல் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிட்ட ஆம்புலன்ஸ். ஏன் மூன்று என்று கேட்டாள். விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, ‘பாம்பு பாம்பு பாம்பு’ என்று கத்துகிறோமே, அதற்கு மேல் கத்தினால் ஓட நேரம் இருக்காது என்றேன். அது ஒரே சொல்லை அடுத்தடுத்து அடுக்குவதற்குச் சொன்னது, பத்திகளுக்குச் சொன்னதல்ல. ஆனால் கணக்கு ஒத்துவருகிறது.

மூன்று வாரம் கழித்து மறுபடி பதிவு செய்யுங்கள், வேறு தலைப்பில், அதே மூன்று நிமிடம், அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, வட்டங்கள் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போயிருக்கின்றன என்று பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் இருந்தவை வாக்கியத்தின் முதலுக்கு நகர்ந்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம், எண்ணிக்கை அப்படியே இருந்தாலும்கூட.

நீங்கள் பயிற்சி கொடுப்பவர் என்றால் உங்கள் வகுப்பையும் ஒருநாள் பதிவு செய்யுங்கள். என் மனைவி என் வகுப்பு ஒன்றைக் கேட்டு எழுதித் தந்த தாள் இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் ‘பாருங்க’ மட்டும் முப்பத்தொன்று. எல்லாமே யாரோ ஒருவரைத் திருத்துவதற்குச் சற்று முன்னால்.